அறுபத்தெட்டு செகண்டுக்குள் ஒரு பாட்டு

வேலையில் சேர்ந்த இரண்டாம் நாள், பேருந்துப் பணிமனையின் பேட்டரி அறைக்கு ஒரு பதிவேட்டில் கையெழுத்து வாங்கப் போனேன். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்த மிதப்பு நடையிலேயே தெரிந்திருக்க வேண்டும். முழங்கை வரை ரப்பர் கையுறை போட்ட ஒரு பெண் பேட்டரி மூடிகளைத் திறந்து ஒவ்வொரு குழியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்.

"புதுசா வந்த படிச்ச தம்பியா?"

"ஆமாக்கா. எலெக்ட்ரிக்கல்."

"அப்ப ஒண்ணு சொல்லு. பன்னிரண்டு வோல்ட் ஆம்ப்ளிஃபயருக்கு இருபத்திநாலு வோல்ட் குடுத்தா என்ன ஆகும்?"

"எரிஞ்சு போயிடும்."

"எவ்வளவு நேரத்துல?"

நாலு வருஷப் படிப்பையும் மனசுக்குள் ஒரு புரட்டுப் புரட்டினேன். "அது பாடத்துல வரலையேக்கா."

"அறுபத்தெட்டு செகண்ட். எழுதி வச்சுக்கோ," என்று கையுறையைக் கழற்றிக் கையெழுத்துப் போட்டுத் தந்தாள்.

வெளியே வந்தால் டயர் பிரிவுக்காரர், "என்ன சார், இருபத்திரெண்டு கையெழுத்துப் போட்டுச்சா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அந்த இரண்டு எண்களுக்கும் விளக்கம் கிடைக்க எனக்கு ஒரு மாத டீ இடைவேளை பிடித்தது. அவளே சொல்லிக் கேட்டதையும், கடைசியில் என் கண்ணால் பார்த்ததையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

பதினோரு வருஷமாக அந்த அறையில் அவள் ஒருத்திதான். எல்லாருக்கும் அவள் பேட்டரி அக்கா. பேருந்து கிளம்பவில்லை என்று ஓட்டுநர்கள் முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தால், பேட்டரியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "நேத்து ராத்திரி லைட்டை அணைக்காம இறங்கியிருக்கீங்க. வண்டி மேல பழி போடாதீங்க," என்பாள். தொண்ணூறு சதவீதம் அதுவாகத்தான் இருக்கும்.

முப்பத்தொரு வயதில் யாரோ கைப்பேசியில் காட்டிய ஒரு வீடியோவைப் பார்த்தாள். ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு மேடையில் மூன்று பெண்கள். கிட்டாரின் கழுத்தில் மாற்றி மாற்றி மூன்றே இடத்தில்தான் கை வைத்தார்கள். ஆனால் கேட்டவர்களின் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. பாட்டு முழுக்க யாரையோ திட்டுவது போலவே இருந்தது. "மூணு இடத்துல கை வச்சா இவ்வளவு சத்தமா? எனக்குப் பத்து விரல் இருக்கே," என்று தோன்றியதாம். பங்க் ராக் என்று அதற்குப் பெயர் இருப்பது பிறகுதான் தெரிந்தது. பெயர் தெரிவதற்குள் வாசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

முதலில் வாங்கியது பழைய மரப்பெட்டிக் கிட்டார். அவள் குடியிருந்தது அண்ணன் வீட்டு மாடியறையில். அதே பணிமனையில் பேருந்து ஓட்டும் அண்ணன், அந்தக் கிட்டார் வந்த பத்தாம் நாள் அதன்மேல் உட்கார்ந்துவிட்டான். தெரியாமல் உட்கார்ந்ததாகத்தான் இன்றுவரை சாதிக்கிறான். "தெரியாம உட்காருறதுக்கு அது என்ன, பஸ் சீட்டா?" என்று அக்கா கேட்டாள். அடுத்த மாதமே, உட்கார்ந்தாலும் உடையாததாகப் பார்த்து ஒரு மின்சாரக் கிட்டாரைக் கொண்டுவந்தாள். உள்ளே வெற்றிடம் இல்லாத முழுப் பலகை. மூன்று கை மாறி வந்தது.

அந்தக் கிட்டாரை அவள் கொஞ்சம் கொஞ்சமாகப் பணிமனைப் பிள்ளையாக்கினாள். கழித்துப்போட்ட பேருந்தின் சீட் பெல்ட் அதற்குத் தோள்பட்டையானது. சத்தம் கூட்டும் திருகு தொலைந்த இடத்தில் வைப்பர் சுவிட்சின் திருகு வந்தது. பேட்டரி மூடியின் பிளாஸ்டிக்கை முக்கோணமாக வெட்டிக் கம்பியை மீட்டினாள். மிச்சமான பேருந்துச் சிவப்பில் ஒரு பூச்சு. அதன்மேல் அமிலம் தெறித்துத் தெறித்து அம்மைத் தழும்பு போலப் புள்ளிகள். மெல்லிய கம்பிகள் மூன்றையும் கழற்றி எறிந்துவிட்டாள். "அறுந்து அறுந்து கண்ணுல குத்துது. எனக்கு வேண்டிய கோபம் தடிச்ச கம்பி மூணுலயே இருக்கு."

ஆம்ப்ளிஃபயர் விஷயம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. முதலில் வாங்கியது டிபன் பாக்ஸ் அளவில் ஒன்று. எவ்வளவு முறுக்கினாலும் சீசாவில் அடைத்த வண்டு மாதிரிதான் கத்தியது. அப்புறம்தான் பேருந்து நிலையத்து அறிவிப்பு அறையில் புதுக் கருவி வந்தது. பழைய ஆம்ப்ளிஃபயர் குப்பைக்குப் போனது. "நான்காம் மேடையிலிருந்து புறப்படும் பேருந்து" என்று இருபது வருஷம் தொண்டை கிழியக் கத்திய இரும்புப் பெட்டி அது. முதுகில் துடுப்பு துடுப்பாக அலுமினியத் தகடு. அதில் பதித்த இரண்டு பெரிய டிரான்சிஸ்டர்கள்தான் அதன் உயிர். அக்கா முறைப்படி எழுதிக் கொடுத்து அதையும், அதோடு கிடந்த இரண்டு கூம்பு ஸ்பீக்கர்களையும் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். கிட்டாரை மாட்டி முதல் மீட்டு மீட்டியதும் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த அண்ணன், டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து சட்டையைத் தேடினான்.

டிரம் அடித்தது அண்ணி. வீட்டிலேயே சீருடை தைப்பவள். பதினைந்து வருஷம் தையல் மெஷின் மிதித்த கால். அந்தக் கால் ஒருமுறை ஓட ஆரம்பித்தால் கடிகாரமே அதைப் பார்த்து நேரம் சரி செய்துகொள்ளலாம். ஒரு பள்ளிக்கூட பேண்டு குழு ஒதுக்கிவிட்ட பெரிய டிரம் ஒன்று, சின்ன டிரம் ஒன்று, தட்டுக்குப் பதிலாகப் பேருந்துச் சக்கரத்தின் மூடி. நாத்தனாரும் அண்ணியும் சண்டை போட்டுத்தான் தெரு பார்த்திருக்கிறது. இந்த இருவரும் ஒத்துப்போவதைப் பற்றித்தான் அந்தத் தெருவில் புகார் வந்தது.

பாட்டு அக்காவுடையது. ஒரு நிமிஷம் ஐம்பது செகண்ட்.

ஏறுறவன் ஏறு, இறங்குறவன் இறங்கு,
நான் நிக்கிற இடத்துல நான் நிப்பேன்!

இதுதான் திரும்பத் திரும்ப வரும். இடையில் மூன்று சரணம். தள்ளி நிற்கச் சொன்னவர்கள், ஓரமாக உட்காரச் சொன்னவர்கள், மெதுவாகப் பேசச் சொன்னவர்கள் என ஒவ்வொரு சரணத்திலும் ஒரு கூட்டத்துக்கு மண்டகப்படி.

அந்தப் பாட்டை வெளியாட்கள் முன்னால் அவர்கள் ஒருமுறைகூட முடித்ததில்லை. மொட்டை மாடியில் வாசித்தபோது எதிர்வீட்டுக்காரர் பாதியில் ஏறி வந்துவிட்டார். நூலக ஆண்டு விழாவில் ஃப்யூஸ் போனது. மூன்றாவதுதான் அவமானத்தின் உச்சம்: பணிமனை ஊழியர் சங்கத்தின் குடும்ப நாள்.

அது நடக்கிற ஹாலின் சுவரில் ஒரு பெட்டி உண்டு. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று விளக்குகள். சத்தம் அளவை மீறினால் சிவப்பு எரியும். ஐந்து செகண்ட் தொடர்ந்து எரிந்தால் மேடையில் உள்ள எல்லா ப்ளக் பாயின்ட்டிலும் மின்சாரம் தானாக நின்றுவிடும். அக்கா ஆரம்பித்த இருபத்திரெண்டாவது செகண்டில் பெட்டி அவள் வாயை அடைத்தது. ஸ்பீக்கர் செத்த பிறகு வெறும் தொண்டையில், "நான் நிக்கிற இடத்துல" என்று அவள் கத்தியது மட்டும் ஹாலில் தனியாகக் கேட்டது. முன்வரிசையில் ஒருவர், "நின்னுடுச்சும்மா, நின்னுடுச்சு," என்றார். ஹால் சிரித்த சிரிப்பு அடங்கப் பாட்டை விட அதிக நேரம் ஆனது.

மறுநாளிலிருந்து அவள் பெயர் இருபத்திரெண்டு.

"உன் பேரை மாத்துனா பரவாயில்ல," என்று அண்ணன் குமுறினான். "என்னை 'இருபத்திரெண்டோட அண்ணன்'னு கூப்பிடுறானுங்க. ரூட் நம்பர் மாதிரி."

"போர்டு மாட்டிக்கோ," என்றாள் அக்கா.

அடுத்த வருஷக் குடும்ப நாளுக்கு மறுபடியும் பெயர் கொடுக்கப் போனபோது, சங்கச் செயலாளர் பட்டியலை மூடிவைத்துவிட்டுப் பேசினார். "தப்பா எடுத்துக்காதம்மா. முடிக்கத் தெரியாதவங்களுக்கு மேடை எதுக்குன்னு மத்தவங்க கேக்குறாங்க. கடைசியா ஒரு தடவை. பாட்டு முழுசா முடிஞ்சா சரி. இந்தத் தடவையும் பாதியில நின்னுச்சுன்னா இனிமே இந்தப் பக்கம் வராதே."

"முடிக்கத் தெரியாம இல்ல சார். முடிக்க விடல," என்றாள் அக்கா. பெயரைத் தன் கையாலேயே பட்டியலில் எழுதிவிட்டு வந்தாள்.

சத்தத்தைக் குறைத்தால் பெட்டி சும்மா இருக்கும். அதைச் சொல்லாத ஆளில்லை. அக்காவுக்கு ஓடியது வேறு யோசனை. பெட்டியால் நிறுத்த முடிவது ப்ளக் பாயின்ட்டைத்தானே? அந்தப் பழைய ஆம்ப்ளிஃபயரின் பின்னால், கரன்ட் போனால் பேட்டரியில் ஓட்டுவதற்கென்று சிவப்பும் கறுப்புமாக இரண்டு முனைகள் இருந்தன. பதினோரு வருஷமாக பேட்டரியோடு குடும்பம் நடத்துகிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

வாசித்துப் பார்த்தாள். பன்னிரண்டு வோல்ட்டில் அது ஓடியது, ஆனால் ஜலதோஷம் பிடித்த மாதிரி. அண்ணியின் டிரம் அதைத் தூக்கி விழுங்கிவிட்டது. சரி, சத்தம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் நிகழ்ச்சி நடுவே பேட்டரி இறங்கிவிடக்கூடாது என்று இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள நினைத்தாள். அங்கேதான் கை சதி செய்தது.

இரண்டு பேட்டரிகளைப் பக்கம் பக்கமாக இணைத்தால் வோல்ட் ஏறாது, நேரம் மட்டும் நீளும். அவளுக்கு வேண்டியது அது. ஆனால் பேருந்துகளுக்கு வேண்டியது இருபத்திநாலு வோல்ட். அதனால் பணிமனையில் ஒன்றன் வாலில் இன்னொன்றின் தலையைக் கோர்ப்பார்கள். ஒரு நாளைக்கு முப்பது தடவை, பதினோரு வருஷம் அப்படியே கோர்த்த கை அது. அண்ணியிடம் ஏதோ பேசிக்கொண்டே கோர்த்துவிட்டது.

முதல் மீட்டில் ஜன்னல் கண்ணாடி உதறியது. கூம்பிலிருந்து வந்தது கிட்டார் சத்தமாகவே இல்லை, தகரக் கூரையை இரண்டாகக் கிழிக்கிற சத்தம். அக்கா நிறுத்தவில்லை. அண்ணியும் நிறுத்தவில்லை. பெட்டியின் பின்னால் எப்போதும் ஓடும் மேசை விசிறியையும் மீறி, இரண்டாம் சரணம் முடியும்போது காந்தல் வாசனை வந்தது. பிறகு புகை. பிறகு அமைதி. அந்த இருபத்திரெண்டுக்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் நேரம் பார்ப்பது அண்ணியின் பழக்கமாகியிருந்தது. டைமரைத் தூக்கிக் காட்டினாள். அறுபத்தெட்டு.

பின்பக்கத்தைத் திறந்தால் இரண்டு டிரான்சிஸ்டர்களும் வெந்து கிடந்தன. அக்கா அதன் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து, குழந்தையைப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, கேட்டீங்களா?"

"கேட்டேன். எதிர்வீட்டு நாய்கூடக் குலைக்காம உட்கார்ந்துடுச்சு."

"இதுதான் அண்ணி. ஏழு வருஷமா என் தலைக்குள்ள கேட்டுட்டு இருந்தது இந்தச் சத்தம்தான்."

"சத்தம் சரி. பாட்டு ஒரு நிமிஷம் ஐம்பது. உன் பெட்டிக்கு ஆயுசு அறுபத்தெட்டு. ஒரு சரணத்தை வெட்டிடலாமா?"

"ஒரு வரிகூட வெட்ட மாட்டேன்."

"அப்ப வோல்ட்டைக் குறை. பதினாறு, பதினெட்டுன்னு குடுத்துப் பார்ப்போம்."

"அதையும் மாட்டேன். பொறந்ததிலேருந்து எல்லாரும் குறை குறைன்னுதான் சொல்லியிருக்காங்க. இப்ப நானே என்னைக் குறைச்சுக்கணுமா?" அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "சட்டை பத்து அவசரம்னு காலையில ஆர்டர் வந்தா எப்படி மிதிப்பீங்க?"

அண்ணி யோசித்தாள். பிறகு சிரித்தாள். "துணி தீயுற மாதிரி."

"அப்படி மிதிங்க."

அடுத்த ஐந்து வாரமும் அவர்கள் செய்தது அதுதான். வோல்ட்டைப் பன்னிரண்டிலேயே வைத்து, அந்தத் தொண்டை கட்டிய சத்தத்தில், ஒரு வார்த்தையும் விடாமல் பாட்டை விரட்டினார்கள். நூற்றிப்பத்து தொண்ணூறானது. தொண்ணூறு எழுபத்தைந்தில் வந்து முரண்டு பிடித்தது. வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று மோதி விழுந்தன. அக்கா பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றும்போதும் நாக்கு உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். எனக்கு அவள் பழக்கமானது அந்த வாரங்களில்தான். கடைசி வாரம் அறுபத்திரெண்டு. இருபத்திநாலில் ஒத்திகை பார்க்க வழியே இல்லை. கையில் இருந்தது இன்னொரு பழைய பெட்டியிலிருந்து பிரித்தெடுத்த ஒரே ஜோடி டிரான்சிஸ்டர். அதை மேடையில்தான் எரிக்க முடியும்.

குடும்ப நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலு மணிக்கு. நான் மூன்றாவது வரிசையில், அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவன் கைகளைக் கட்டிக்கொண்டு, தூக்குத் தண்டனைக்கு சாட்சியாக வந்தவன் மாதிரி இருந்தான்.

ஹால் மேனேஜர் மேடைக்கு வந்து போன வருஷத்துச் சிரிப்பையே சிரித்தார். "வாங்கம்மா. எந்த பாயின்ட்ல மாட்டப் போறீங்க?"

"கிட்டாருக்கு பாயின்ட் வேண்டாம் சார்."

"கரன்ட்டே இல்லாமலா? ரொம்ப நல்ல முடிவும்மா," என்று மனசார வாழ்த்திவிட்டு இறங்கினார்.

டிரமுக்குப் பின்னால் துணி போர்த்தி இரண்டு பேட்டரிகள். ஆம்ப்ளிஃபயரின் முதுகுத் தகடு சூடாகாமல் இருக்க வழக்கம்போல அதன் பின்னால் அந்த மேசை விசிறி. அக்கா, அதே ஆம்ப்ளிஃபயரில் மாட்டிய மைக் முன்னால் வந்து நின்றதும் பின்வரிசையிலிருந்து யாரோ, "இருபத்தொண்ணு... இருபத்திரெண்டு..." என்று எண்ண, ஹால் கொல்லென்று சிரித்தது. அக்காவும் சிரித்தாள். "நல்லா எண்ணுங்க," என்றாள். அண்ணி குச்சிகளை நாலு தரம் தட்டினாள்.

அந்தச் சத்தத்தை எழுத எனக்கு வராது. பக்கத்தில் இருந்த குழந்தையின் பலூன் என் தொடையில் நடுங்கியதைச் சொல்லலாம். முன்வரிசைச் செயலாளர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். சுவர்ப் பெட்டி பச்சையையும் மஞ்சளையும் தாண்டி நேராகச் சிவப்பில் போய் நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. உள்ளே 'டக்' என்று அது தன் கடமையைச் செய்தது.

பாட்டு நிற்கவில்லை.

ஆனால் விசிறி நின்றது. ஆம்ப்ளிஃபயரைப் பேட்டரியில் மாட்ட மூளை வேலை செய்த இரண்டு பேருக்கும், விசிறி மேடை பாயின்ட்டில் இருப்பது உறைக்கவே இல்லை. அக்காவுக்கு அது முதுகுப் பக்கம். அண்ணிக்கு நேர் எதிரே. இறக்கை மெதுவாகிக் கடைசிச் சுற்றுச் சுற்றி நிற்பதை அண்ணி பார்த்தாள். காற்று இல்லாமல் அறுபத்தெட்டு செகண்டெல்லாம் கிடையாது என்று அவளுக்குத் தெரியும். வாயால் ஒன்றும் சொல்ல முடியாது. காலால் சொன்னாள்.

டிரம் இன்னும் ஒரு படி வேகமாக ஓடியது. அக்கா ஒரே ஒரு முறை திரும்பிப் பார்த்தாள், விசிறியைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். இரண்டாம் சரணத்தை மூச்சே விடாமல் துப்பினாள்.

இதற்குள் மேனேஜர் மேடையில் ஏறிவிட்டார். "எங்கம்மா ப்ளக்? ப்ளக் எங்க?" என்று சுவரோரமாகத் தேடிக் கடைசியில் ஒன்றைக் கண்டுபிடித்துப் பிடுங்கி, வெற்றியோடு உயரத் தூக்கிக் காட்டினார். விசிறியின் ப்ளக். அவர் கையில் ப்ளக் தொங்க, அவர் காதுக்குப் பக்கத்திலேயே கூம்பு ஸ்பீக்கர், "மெதுவாப் பேசச் சொன்னவனே!" என்று கத்தியது. ஹாலில் முதல் விசில் அப்போதுதான் கிளம்பியது. ஓட்டுநர்கள் எழுந்து நின்றார்கள். மேனேஜர் ஆம்ப்ளிஃபயரின் வயரைப் பிடித்துக்கொண்டே போய் டிரமுக்குப் பின்னால் இருந்த துணியை விலக்கினார். பேட்டரி, சிவப்பு வயர், கறுப்பு வயர். கையை நீட்டினார். பாடிக்கொண்டே அக்கா அவரைப் பார்த்த பார்வையில் கை தானாகப் பின்னால் போய்விட்டது.

தகட்டிலிருந்து நூல் போலப் புகை கிளம்பியது. ஏறுறவன் ஏறு, இறங்குறவன் இறங்கு என்று இப்போது பின்வரிசையும் சேர்ந்து கத்தியது. கடைசி வரி. கடைசி மீட்டு. அது முழங்கிக்கொண்டிருக்கும்போதே அக்கா டிரமுக்குப் பின்னால் போய்க் குனிந்து, யாரும் சொல்லாமல், எந்தப் பெட்டியும் சொல்லாமல், தன் கையாலேயே பேட்டரிக் கவ்வியைக் கழற்றினாள். அண்ணி சக்கர மூடியில் ஓங்கி ஒன்று வைத்தாள். முடிந்தது.

ஹால் மொத்தமும் எழுந்து கத்தியது. அந்தச் சத்தத்தில் பெட்டி மறுபடி சிவப்பானது.

"ஐம்பத்திமூணு," என்றான் பக்கத்தில் அண்ணன். கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் எண்ணிக்கொண்டிருந்தது அதுவரை எனக்குத் தெரியாது.

சாமான்களை ஏற்றும்போது அவன் தங்கையிடம், "அது பாட்டா? ஒரு வார்த்தை புரியல," என்றான். கொஞ்சம் பொறுத்து, "ஆனா முடிச்சுட்டே," என்றான்.

"கிட்டாரைப் பாத்துத் தூக்கு. மேல உட்காராதே," என்றாள் அக்கா.

மறுநாள் யாரோ "ஐம்பத்திமூணு" என்று கூப்பிட்டபோது அவள் திரும்பவில்லை. "என் பேரு இருபத்திரெண்டு. எத்தனை பாடு பட்டு வாங்கினது," என்றாள். அந்த வாரமே கிட்டாரின் சிவப்பின்மேல் வெள்ளையில் 22 என்று பெரிதாக எழுதிக்கொண்டாள். ஆம்ப்ளிஃபயரில் ஒரு டிரான்சிஸ்டர் வெந்துவிட்டது, இன்னொன்று பிழைத்துக்கொண்டது.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. அந்த ஹாலின் விதிமுறைப் பலகையில் 'வெளியிலிருந்து பேட்டரி கொண்டுவரக் கூடாது' என்று புதிதாக ஒரு வரி சேர்ந்திருக்கிறது. அக்காவும் அண்ணியும் இப்போது திறந்த மைதானங்களில் வாசிக்கிறார்கள். மொத்தம் ஐந்து பாட்டு. எதுவும் ஒரு நிமிஷத்தைத் தாண்டாது. விசிறியும் பேட்டரியில்தான் ஓடுகிறது. அக்காவுக்கு நாற்பது வயது. அதே பணிமனையில், அதே பேட்டரி அறையில் வேலை பார்க்கிறாள்.